சால்கோன் மதர் லிக்கர்: பென்சால்டிஹைடையும் அசிட்டோபீனோனையும் எப்படி அளப்பது, எப்படிப் பிரிப்பது?

கெடிலக்கரை (கடலூர் சிப்காட்)

வணக்கம். சால்கோன் (பென்சால்டிஹைடும் அசிட்டோபீனோனும் கூடி உண்டாகும் பொருள்) பேட்ச்சை வடிகட்டிய பிறகு நிற்கும் மதர் லிக்கரில் எத்தனாலை ஓட்டிவிட்டு, மிச்சத்தை டொலுயீனில் எடுத்து, தண்ணீரில் இரண்டு தடவை கழுவி டிரம்மில் வைக்கிறோம். வினையில் சேராத பென்சால்டிஹைடும் அசிட்டோபீனோனும் அதில் இருக்கின்றன. பென்சாயிக் அமிலம் 0.9 சதவீதம். கரைந்து நிற்கும் சால்கோனையும் சேர்த்தால், ஆவியாகாத மிச்சம் மொத்தம் 2 சதவீதம் வருகிறது.

பென்சால்டிஹைடு இன்னொரு லைனில் இமைன் தயாரிக்கப் போக வேண்டும். அதில் கீட்டோன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அசிட்டோபீனோன் சால்கோனுக்கே திரும்பும்.

முதல் சிக்கல் அளவு. ஹைட்ராக்சிலமைன் ஹைட்ரோகுளோரைடு சேர்த்து, வெளிவரும் அமிலத்தை 0.5 நார்மல் காஸ்டிக்கால் டைட்ரேட் செய்கிறோம். எல்லாவற்றையும் பென்சால்டிஹைடாகக் கணக்கிட்டால் 10 நிமிடத்தில் 18.9 சதவீதம், 30 நிமிடத்தில் 21.6, ரிஃப்ளக்ஸ் போட்டு ஆறவைத்துப் பார்த்தால் 26.5. ஜிசியில் (கேஸ் குரோமட்டோகிராஃபி) ஏரியா சதவீதம் டொலுயீன் 76.8, பென்சால்டிஹைடு 13.9, அசிட்டோபீனோன் 9.3. எதுவும் எதோடும் ஒட்டவில்லை. எதை நம்புவது?

இரண்டாவது, பிரிப்பது. 100 கிராம் மதர் லிக்கரில் பைசல்ஃபைட் கரைசல் ஊற்றிக் குலுக்கினால் தயிர் போலத் திரண்டு, ஃபனலின் குழாயை அடைத்துக்கொள்கிறது. வடிகட்டவும் முடியவில்லை, லேயரும் பிரியவில்லை. எப்படியோ எடுத்த திடப்பொருளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி மீட்டதில் 9 கிராம் பென்சால்டிஹைடுதான் கிடைத்தது. அமிலம் ஊற்றியதும் கந்தக டை ஆக்சைடு நெடி தாங்க முடியவில்லை.

கடைசியாக, கழுவு நீரில் இவை எவ்வளவு போகின்றன என்றும் அளக்க வேண்டும். வேறொரு லைனின் கழுவு நீரில் ஃபார்மால்டிஹைடும் அசிட்டோனும் சேர்ந்து வருகின்றன. அதற்கு டிஎன்பிஹெச் (2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின், கார்பனைலோடு சேரும் ரீஏஜென்ட்) போடலாமா?

---

ஊசுட்டேரி (புதுச்சேரி)

நீங்கள் கொடுத்த எண்கள் ஒன்றோடொன்று மோதவில்லை. கணக்குப் போட்டால் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

முதலில் ஜிசி. எஃப்ஐடி (சுடர் அயனியாக்க) டிடெக்டரில் கார்பனைல் (C=O) கார்பன் சிக்னல் தராது. பென்சால்டிஹைடில் 7 கார்பன் இருந்தாலும் எரிந்து எண்ணிக்கையில் வருவது 6. அசிட்டோபீனோனில் 8க்கு 7. டொலுயீனில் 7க்கு 7. மூலக்கூறு எடையால் வகுத்தால் (பென்சால்டிஹைடு 106.12, அசிட்டோபீனோன் 120.15, டொலுயீன் 92.14) ஒரு கிராமுக்கான சிக்னல் முறையே 0.0565, 0.0583, 0.0760. அதாவது டொலுயீன் எடைக்கு மீறிப் பெரிதாகத் தெரிகிறது, உங்கள் பொருள்கள் சிறிதாகத் தெரிகின்றன. உங்கள் ஏரியாக்களை இந்த எண்களால் வகுத்து மறுபடி நூறாக்கினால் பென்சால்டிஹைடு 17.4, அசிட்டோபீனோன் 11.3. ஜிசியில் வெளியே வராத 2 சதவீதத்தைக் கழித்தால் 17.0, 11.0.

இப்போது டைட்ரேஷன். 100 கிராமில் 17.0 கிராம் பென்சால்டிஹைடு 0.160 மோல், 11.0 கிராம் அசிட்டோபீனோன் 0.092 மோல், சேர்த்து 0.252 மோல். அத்தனையையும் பென்சால்டிஹைடாக எழுதினால் 26.7 சதவீதம். உங்கள் ரிஃப்ளக்ஸ் ரீடிங் 26.5. ஆக, ரிஃப்ளக்ஸ் ரீடிங் சொல்வது மொத்தக் கார்பனைலை. பென்சால்டிஹைடை அல்ல.

10 நிமிடம், 30 நிமிடம் ரீடிங்குகளுக்கு இடையிலான வித்தியாசம்தான் இதில் அருமையான தகவல். பென்சால்டிஹைடு அறை வெப்பத்தில் சில நிமிடங்களிலேயே ஆக்சைமாக (ஹைட்ராக்சிலமைனோடு சேர்ந்த பொருளாக) மாறிவிடுகிறது. அசிட்டோபீனோன் நிதானமாக மாறுகிறது. எனவே 10 நிமிடத்துக்குப் பிறகு ஏறுவதெல்லாம் கீட்டோன். மொத்தத்திலிருந்து ஒவ்வொரு ரீடிங்கையும் கழியுங்கள். 26.5லிருந்து 18.9 போனால் 7.6, 21.6 போனால் 4.9. இவை இன்னும் வினைபுரியாத கீட்டோன். இயல் மடக்கை எடுத்தால் 2.028, 1.589. இருபது நிமிடத்தில் 0.439 இறக்கம், நிமிடத்துக்கு 0.022. அதே சரிவில் பூஜ்ய நிமிடத்துக்குப் பின்னால் நீட்டினால் 2.247, அதாவது 9.5. தொடக்கத்தில் இருந்த கீட்டோன் அது, பென்சால்டிஹைடு கணக்கில். 26.5லிருந்து 9.5 போனால் பென்சால்டிஹைடு 17.0. அந்த 9.5ஐ 120.15ஆல் பெருக்கி 106.12ஆல் வகுத்தால் அசிட்டோபீனோன் 10.8. திருத்திய ஜிசி சொன்ன 17.0, 11.0 இதுதான்.

இரண்டு புள்ளியை வைத்துக் கோடு இழுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். 5, 10, 15, 20, 30 என ஐந்து புள்ளி எடுங்கள். செய்முறை:

ஹைட்ராக்சிலமைன் ஹைட்ரோகுளோரைடு 35 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஐசோபுரோப்பனாலால் ஒரு லிட்டராக்குங்கள். இது 0.5 மோலார். முழுவதும் தண்ணீரில் போட்டால் உங்கள் டொலுயீன் மேலே மிதக்கும், வினை லேயர் எல்லையில் மட்டும் நடக்கும், ரீடிங் நகர்ந்துகொண்டே இருக்கும். ஐசோபுரோப்பனாலில் உப்பு அவ்வளவாகக் கரையாது. கலங்கினால் தெளியும்வரை தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கரைசலில் 50 மி.லி. எடுத்து, சாம்பிள் போடும் முன்பே பிஹெச் 3.4க்குக் காஸ்டிக்கால் கொண்டுவாருங்கள். அதன் பிறகு 3 கிராம் சாம்பிளை எடை பார்த்துப் போடுங்கள். மொத்தக் கார்பனைல் சுமார் 7.5 மில்லிமோல், ரீஏஜென்ட் 25 மில்லிமோல், மூன்று மடங்குக்கு மேல். மொத்த ரீடிங் 15 மி.லி. சுற்றி வரும்.

காத்திருந்து கடைசியில் டைட்ரேட் செய்தால் மடக்கைக் கோடு வளைந்துவிடும். அமிலம் சேரச் சேரப் பிஹெச் இறங்கும். இறங்கினால் ஹைட்ராக்சிலமைன் முழுதும் புரோட்டான் ஏறி நிற்கும், வினை மந்தமாகும், சமநிலையும் பின்னால் இழுக்கும். ஆகவே பிஹெச் 3.4ஐ விட்டு நகராதபடி, சொட்டுச் சொட்டாகக் காஸ்டிக் விட்டுக்கொண்டே, குறித்த நிமிடங்களில் பியூரெட்டைப் படியுங்கள். ஆட்டோ டைட்ரேட்டர் இருந்தால் பிஹெச் ஸ்டாட் மோடில் இதை அதுவே செய்துகொள்ளும். வாட்டர் பாத்தில் 30 டிகிரியில் நிறுத்துங்கள். காலை 28, மதியம் 36 என்று அறை மாறினால் வேகமும் மாறும், இரண்டு ஷிஃப்டின் ரீடிங்கும் ஒத்துப்போகாது. அக்னி நட்சத்திரத்தில் பாத்துக்குள் ஐஸ் கட்டி போட வேண்டியிருக்கும், போடுங்கள்.

புரோமோஃபீனால் புளூ வைத்து நிறம் பார்த்தால் ஒரு கண்ணி உண்டு. மஞ்சளிலிருந்து பச்சை கலக்கும் இடத்தோடு நிறுத்தாமல் நல்ல நீலம் வரும்வரை போனால் பிஹெச் 4.5ஐத் தாண்டிவிடும். அங்கே பென்சாயிக் அமிலமும் காஸ்டிக்கைக் குடிக்கத் தொடங்கும். உங்கள் 0.9 சதவீதம் முழுவதும் குடித்தால் ரீடிங் 0.8 சதவீதம் கூடும். எலக்ட்ரோடு வைத்து 3.4இலேயே நிறுத்தினால் அதில் பெரும்பகுதி ஒதுங்கிவிடும். அப்புறம், சால்கோனும் ஒரு கீட்டோன்தான். 1 சதவீதம் சால்கோன் மொத்த ரீடிங்கில் 0.5 வரை ஏற்றலாம். ரிஃப்ளக்ஸ் மதிப்பைக் கடைசித் தசமம் வரை நம்பாததற்கு இதுவே காரணம்.

ஜிசியில் இனி ஏரியா சதவீதத்தை எழுதாதீர்கள். டோடெக்கேனை உள் ஸ்டேண்டர்டாகப் போட்டு, தூய பென்சால்டிஹைடும் அசிட்டோபீனோனும் எடை போட்டுக் காலிபிரேட் செய்யுங்கள். பழைய பாட்டில் பென்சால்டிஹைடை ஸ்டேண்டர்டாக வைக்க வேண்டாம், அதில் பாதி அமிலமாகியிருக்கலாம். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பென்சாயிக் அமிலம். நீர்க்கச் செய்ய மெத்தனால் வேண்டாம், அமிலத் தடயம் இருந்தால் ஆல்டிஹைடு அசிட்டாலாகிப் புதுப் பீக் வரும். அசிட்டோநைட்ரைல் நல்லது. காலம் (column) வேக்ஸ் என்றால் பென்சால்டிஹைடு, அசிட்டோபீனோன், பென்சைல் ஆல்கஹால் மூன்றும் தாராளமாக விலகி நிற்கும்.

---

பாகூரான்

கெடிலக்கரை சார், அளவு விஷயத்தை ஊசுட்டேரி சார் முடிச்சுட்டார். பைசல்ஃபைட் பத்தி நான் சொல்றேன்.

பாடப்புத்தகத்துல மெத்தில் கீட்டோன் பைசல்ஃபைட்டோட சேரும்னு போட்டிருப்பாங்க. அசிட்டோனுக்கு அது சரி. அசிட்டோபீனோன் மெத்தில் கீட்டோன்தான், ஆனா பென்சீன் வளையம் பக்கத்துலயே இருக்கறதால கார்பனைல் மந்தம், இடமும் நெருக்கம். நடைமுறைல சேராதுன்னே வெச்சுக்கலாம். அதனாலதான் இந்த ஜோடிக்குப் பைசல்ஃபைட் இவ்வளவு சுத்தமா வேலை செய்யுது. இதே இடத்துல சைக்ளோஹெக்சனோன் இருந்திருந்தா ரெண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கும்.

உங்களுக்குத் தயிர் திரண்டதுக்குக் காரணம் தண்ணி பத்தாதது. 17 கிராம் பென்சால்டிஹைடு பைசல்ஃபைட்டோட சேர்ந்து 34 கிராம் அடக்ட் (கூட்டு) உப்பா மாறுது. பைசல்ஃபைட் மிகையா இருக்கற செறிவான கரைசல்ல அந்த உப்பு கரையாது, சோடியம் அயனி அதிகம் இருக்கறதால வெளியே தள்ளப்படும். டொலுயீனையும் உறிஞ்சிக்கிட்டு வெண்ணெய் மாதிரி நிக்கும். இன்னொண்ணு, சால்கோனோட இரட்டைப் பிணைப்புல பைசல்ஃபைட் ஏறி சல்ஃபோனேட் ஆகும். அது சோப்பு குணம் உள்ளது, எமல்ஷனை விடாமப் பிடிச்சு வெச்சிருக்கும். அதனால பல மணி நேரம் கலக்காதீங்க.

100 கிராமுக்கு இப்படிப் பண்ணுங்க.

முதல்ல 5 சதவீதம் சோடியம் பைகார்பனேட் 25 மி.லி. விட்டுக் கழுவுங்க. பென்சாயிக் அமிலம் போயிடும். ஃபனலை மூடிக் குலுக்கும்போது ஒவ்வொரு ரெண்டு குலுக்கலுக்கும் தலைகீழாப் பிடிச்சு ஸ்டாப்காக்கைத் திறந்து காத்தை விடுங்க. கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் மூடியைத் தூக்கிடும்.

0.16 மோல் ஆல்டிஹைடுக்குச் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 15.2 கிராம் போதும், ஏன்னா ஒரு மோல் மெட்டா தண்ணில ரெண்டு மோல் பைசல்ஃபைட் கொடுக்கும். 20 கிராம் எடுத்துக்கங்க, 30 சதவீதம் மிகை. 40 மி.லி. தண்ணில கரைச்சு, அரை லிட்டர் பிளாஸ்க்ல மெக்கானிக்கல் ஸ்டர்ரர் வெச்சுக் கலவைல 15 நிமிஷத்துல சொட்டா விடுங்க. சூடு ஏறும், 35ஐத் தாண்ட விடாதீங்க. 20 மி.லி. மெத்தனால் சேர்த்தா ரெண்டு லேயரும் ஒண்ணையொண்ணு தொட்டுப் பேசும், வினை ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும். அது இல்லாம வெறும் குலுக்கல்ல பாதிதான் சேரும். உங்க 9 கிராமுக்கு இது ஒரு காரணம்.

அப்புறம் 200 மி.லி. தண்ணி, 35 டிகிரில, விட்டு மெதுவாக் கலக்குங்க. வெள்ளை உருகித் தெளியும். தெளியலைன்னா இன்னும் 50 மி.லி. விடுங்க. அறுபது டிகிரிக்குச் சூடாக்கிக் கரைக்க நினைக்காதீங்க, அடக்ட் உடைஞ்சு ஆல்டிஹைடு டொலுயீனுக்கே திரும்பிடும். லேயர் பிரிஞ்சதும் மேல் லேயர் டொலுயீன்ல அசிட்டோபீனோனும் சால்கோனும், கீழ் லேயர்ல பென்சால்டிஹைடு அடக்ட். கீழ் லேயரைப் புது டொலுயீன் 30 மி.லி.ல ஒரு தடவை கழுவுங்க. உங்க 1 சதவீத வரம்பு இந்தக் கழுவல்லதான் கிடைக்கும், விட்டுடாதீங்க. நடுவுல பஞ்சு மாதிரி நின்னா ஒரு ஸ்பூன் செலைட் வழியா உறிஞ்சி வடிகட்டுங்க.

உடைக்கறதுக்கு அமிலம் வேண்டாம். உங்க பிளாஸ்க்ல 0.21 மோல் பைசல்ஃபைட் இருக்கு, அமிலத்துல அது அஞ்சு லிட்டர் கந்தக டை ஆக்சைடு வாயு. கீழ் லேயர் மேல 50 மி.லி. புது டொலுயீன் ஊத்தி, சோடா ஆஷ் 30 கிராமைக் கொஞ்சங்கொஞ்சமா, நுரை அடங்க அடங்கப் போட்டுக் கலக்குங்க. பிஹெச் 9.5, 10க்கு வரும். கடைசில 10 சதவீதம் காஸ்டிக் சொட்டி 11க்குக் கொண்டு போங்க. பைசல்ஃபைட் முழுக்கச் சல்ஃபைட்டா மாறினாதான் பென்சால்டிஹைடு முழுசா விடுபடும். பிஹெச் பேப்பரை மட்டும் நம்பாதீங்க, சல்ஃபைட் சில நிறங்களை வெளுத்துடும். விடுபட விடுபட மேல இருக்கற டொலுயீன் அதை வாங்கிக்கும், காரத்துல அதிகநேரம் நிக்காது. செறிவான காஸ்டிக்கை மொத்தமா ஊத்திச் சூடாக்கினா கானிசாரோ வினைல பென்சைல் ஆல்கஹாலும் பென்சோயேட்டும் ஆயிடும்.

இன்னொரு சந்தேகம் உங்க மெட்டாபைசல்ஃபைட் மேல. கடற்கரைக் காத்துல, அதுவும் ஐப்பசி கார்த்திகை ஈரத்துல, திறந்த பை ரெண்டே மாசத்துல கட்டி தட்டிப் பாதி சல்ஃபேட்டா நிக்கும். 0.2 கிராமை 0.1 நார்மல் அயோடின் 50 மி.லி.ல போட்டு, 1 மி.லி. ஹைட்ரோகுளோரிக் விட்டு, மிச்ச அயோடினைத் தயோசல்ஃபேட்டால பாருங்க. செலவான ஒவ்வொரு மி.லி. அயோடினுக்கும் 4.75 மி.கி. மெட்டாபைசல்ஃபைட். சுத்தமான பவுடருக்கு 42 மி.லி. செலவாகணும். 35தான் ஆச்சுன்னா எடையை அதுக்கேத்தாப்போல கூட்டுங்க.

---

கெடிலக்கரை

ரொம்ப நன்றி. பாகூரான் சார், உங்கள் கணக்கைப் பார்த்த பிறகுதான் புரிகிறது, நாங்கள் தண்ணீர் 30 மி.லி.கூடச் சேர்க்கவில்லை. ஒரு கேள்வி. கீழ் லேயரில் எவ்வளவு பென்சால்டிஹைடு இறங்கியது என்று நேராக ஜிசியில் போட்டுப் பார்க்கலாமா? இன்னொன்று, பிளாண்ட்டில் மாதம் சில டன் வரும். அதற்கும் இதே வழியா?

---

ஊசுட்டேரி

அடக்ட் கரைசலை ஜிசியில் போட வேண்டாம். 250 டிகிரி இன்லெட்டில் அடக்ட் உடைந்து பென்சால்டிஹைடாகவே பீக் கொடுக்கும், ஆனால் எத்தனை சதவீதம் உடைந்தது என்பது ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கும் மாறும். சோடியம் உப்பு லைனரில் படிந்து அடுத்த சாம்பிள்களைக் கெடுக்கும். மேல் லேயரைப் போடுங்கள். முதலில் இருந்த 17.0இல் அங்கே எவ்வளவு குறைந்தது என்பதே பதில்.

---

திருப்பாதிரிப்புலியூர்

லேபில் பைசல்ஃபைட் சரி. பிளாண்ட்டில் டன் கணக்கில் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் கழிவு. 100 கிராமுக்கு 20 கிராம் மெட்டா என்றால் டன்னுக்கு 200 கிலோ. அதிலுள்ள கந்தகம் முழுவதும் கடைசியில் சோடியம் சல்ஃபேட்டாக நிற்கும்போது டன்னுக்கு 300 கிலோ உப்பு. சோடா ஆஷ் தனி. சல்ஃபைட்டாகவே விட்டால் டன்னுக்கு சுமார் 34 கிலோ சிஓடி (வேதி ஆக்ஸிஜன் தேவை). உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் நீரில் சிஓடி வரம்பு லிட்டருக்கு 250 மி.கி. உப்பனாறு பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சுமையை உருவாக்கிவிட்டுப் பிறகு சுத்தப்படுத்துவது தப்பான திசை.

காய்ச்சி வடியுங்கள். பென்சால்டிஹைடு 178 டிகிரி, அசிட்டோபீனோன் 202. வேக்குவத்தில் 10 மி.மீ.இல் 62, 78. எழுபது டிகிரியை ஒட்டி ஆவி அழுத்த விகிதம் இரண்டேகால் மடங்கு. மேலே 99 சதவீதம் பென்சால்டிஹைடு, கீழே 10 சதவீதம் பென்சால்டிஹைடு நின்றால் போதும் என்று வைத்தால் முழு ரிஃப்ளக்சில் 8, 9 தட்டு. நடைமுறை ரிஃப்ளக்ஸில் 15லிருந்து 18 தட்டு, ஸ்ட்ரக்சர்டு பேக்கிங் போட்ட டிஸ்டிலேஷன் டவரில் எட்டக்கூடியதே. கீழ்ப்பகுதியைக் கச்சிதமாகப் பிரிக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். அசிட்டோபீனோன் சால்கோனுக்கே திரும்புகிறது. கூட 10 சதவீதம் பென்சால்டிஹைடு இருந்தால் அதுவும் அங்கே போகிற பொருள்தான். ஊசுட்டேரி சொன்ன முறையில் அளந்து, அடுத்த பேட்சில் புது பென்சால்டிஹைடை அத்தனைக்குக் குறைத்துப் போட்டால் முடிந்தது.

மூன்று இடத்தில் தவறும்.

டொலுயீனை முதலில் தனியாக எடுங்கள், 100 மி.மீ.இல். அங்கே அது 52 டிகிரியில் கொதிக்கும், மே மாதக் கூலிங் டவர் தண்ணீர் 32 டிகிரி இருந்தாலும் கன்டென்சரில் பிடிக்கும். அவசரப்பட்டு நேராக 10 மி.மீ.க்குப் போனால் டொலுயீன் 6 டிகிரியில் கொதிக்கிறது. கன்டென்சரில் நிற்காது, முழுவதும் வேக்குவம் பம்ப்புக்குள் போய் ஆயிலைக் கெடுக்கும்.

ஸ்டில்லில் ஏற்றும் முன் நீர் லேயரின் பிஹெச் பாருங்கள். சால்கோன் வினையின் காஸ்டிக் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும், சூட்டில் ஆல்டிஹைடும் கீட்டோனும் மறுபடி கூடிச் சால்கோனும் தாருமாகிவிடும். ஸ்டில்லின் அடியில் மஞ்சள் கூடிக்கொண்டே போய் மகசூல் குறைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பைகார்பனேட் கழுவலுக்குப் பிறகு வெறும் தண்ணீரில் கழுவி 7க்குக் கொண்டுவந்தே ஏற்ற வேண்டும்.

வேக்குவத்தை உடைக்கும்போது காற்று வேண்டாம், நைட்ரஜன் விடுங்கள். சூடான பென்சால்டிஹைடு காற்றை வாங்கிய வேகத்தில் அமிலமாகும். வாங்கிய டிரம்மிலும் நைட்ரஜன், வெயில் படாத இடம். பென்சால்டிஹைடு நனைந்த பழந்துணியைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆக்ஸிஜனேற்றச் சூட்டில் அது தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்.

---

ஊசுட்டேரி

திருப்பாதிரிப்புலியூர் சொன்னதை ஏற்கிறேன். பைசல்ஃபைட்டை அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 5 கிராம் சாம்பிளைப் பைசல்ஃபைட்டில் கழுவி, மேல் லேயரை ரிஃப்ளக்ஸ் ஆக்சைம் செய்தால் வருவது கீட்டோன் மட்டும். மடக்கைக் கோட்டின் விடையைச் சரிபார்க்க அது நல்ல குறுக்குச் சோதனை.

இனி கழுவு நீர். உங்கள் இரண்டு லைனுக்கும் இரண்டு வேறு முறை.

சால்கோன் லைனுக்கு டிஎன்பிஹெச் தேவையில்லை. இரண்டும் வளையச் சேர்மங்கள், 245லிருந்து 250 நானோமீட்டரில் அவையே நன்றாக உறிஞ்சுகின்றன. சி-18 காலம், அசிட்டோநைட்ரைல் 40, தண்ணீர் 60 என்று நேராக ஹெச்பிஎல்சியில் (திரவ குரோமட்டோகிராஃபி) போடலாம். சல்ஃபைட் கலந்த நீராக இருந்தால் மட்டும் கவனம். ஆல்டிஹைடின் ஒரு பகுதி அடக்டாகக் கட்டுண்டு, பென்சால்டிஹைடு பீக்கில் வராமல் போகும். பிஹெச் 11க்கு ஏற்றி, உப்பு நிறையப் போட்டு, டோடெக்கேன் கலந்த டொலுயீனில் எடுத்து, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி ஜிசியில் போடுங்கள். அந்தக் காரக் கரைசலை ஹெச்பிஎல்சியில் போட்டால் சிலிகா காலம் கரைந்து போகும்.

டிஎன்பிஹெச் வீழ்படிவு எடுத்து உருகுநிலை பார்க்கும் பழைய வழி இந்த ஜோடிக்கு உதவாது. பென்சால்டிஹைடின் டிஎன்பி (டிஎன்பிஹெச் தரும் ஹைட்ரசோன்) 237 டிகிரி. அசிட்டோபீனோனுடையதை ஒரு அட்டவணை 238 என்னும், இன்னொன்று 250 என்னும். அடையாளம் காண வேண்டுமென்றால் செமிகார்பசோன் செய்யுங்கள், 222க்கும் 198க்கும் குழப்பமே இல்லை.

ஃபார்மால்டிஹைடு, அசிட்டோன் லைனுக்கு டிஎன்பிஹெச்தான். எஃப்ஐடியில் ஃபார்மால்டிஹைடு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது, எனவே ஜிசியில் வரவில்லை என்பதை வைத்து இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

டிஎன்பிஹெச் 30 சதவீதம் தண்ணீரில் நனைத்தே விற்கிறார்கள். உலர்ந்தால் வெடிக்கும் பொருள். டெசிக்கேட்டரில் வைப்பது, ஓவனில் காயவைத்து எடை போடுவது இரண்டும் கூடவே கூடாது. பாட்டில் மூடியின் இடுக்கில் காய்ந்து படிந்திருந்தால் திருகாதீர்கள், முதலில் தண்ணீர் விட்டு நனையுங்கள். ஈரமான பொருளில் 429 மி.கி. எடுத்து அசிட்டோநைட்ரைலில் 100 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 3 மி.கி.

100 மி.லி. சாம்பிளை சிட்ரேட் பஃபரால் பிஹெச் 3க்குக் கொண்டுவந்து, இந்தக் கரைசல் 6 மி.லி. விட்டு 40 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்குங்கள். சி-18 கார்ட்ரிட்ஜில் பிடித்து அசிட்டோநைட்ரைலில் இறக்கி, 360 நானோமீட்டரில் படியுங்கள்.

உங்கள் லைனில் இது கவிழும் இடம் எதுவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். 6 மி.லி.இல் இருப்பது 18 மி.கி. டிஎன்பிஹெச், வெறும் 0.09 மில்லிமோல். கழுவு நீரில் அசிட்டோன் லிட்டருக்கு 500 மி.கி. இருந்தால் 100 மி.லி.இல் அது 0.86 மில்லிமோல். ரீஏஜென்ட்டைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். டிஎன்பிஹெச் முழுவதையும் அசிட்டோன் தின்றுவிடும், ஃபார்மால்டிஹைடு குறைவாகக் காட்டும், உங்களுக்கு அது நல்ல ரிசல்ட் போலத் தெரியும். ஆகவே குரோமட்டோகிராமில் முதலில் பார்க்க வேண்டியது ஃபார்மால்டிஹைடு பீக்கை அல்ல, மிஞ்சிய டிஎன்பிஹெச் பீக்கை. அது பெரிதாக நிற்க வேண்டும். சிறுத்திருந்தால் அந்த ரிசல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாம்பிளை 50 மடங்கு, 100 மடங்கு நீர்த்து மறுபடி செய்யுங்கள்.

அடுத்தது பிளாங்க். லேபில் யாராவது அசிட்டோனில் கண்ணாடி கழுவினால் அந்தக் காற்றே பிளாங்கில் அசிட்டோன் பீக் போடும். அன்றைக்கு அந்த அறையில் அசிட்டோன் பாட்டிலைத் திறக்காதீர்கள். ரீஏஜென்ட்டிலேயே ஃபார்மால்டிஹைடு பீக் இருந்தால் சூடான அசிட்டோநைட்ரைலில் மறுபடிகமாக்க வேண்டும்.

அசிட்டால்டிஹைடு போன்றவை ஒன்றுக்கு இரண்டு பீக் காட்டினால் பயப்பட வேண்டாம், ஒரே பொருளின் இரண்டு ஐசோமர். ஃபார்மால்டிஹைடுக்கும் அசிட்டோனுக்கும் அப்படி வராது. அக்ரோலின் இருக்கக்கூடிய நீர் என்றால் அது அசிட்டோன் பீக்கின் மேலேயே உட்காரும், மொபைல் ஃபேஸில் கொஞ்சம் டெட்ராஹைட்ரோஃபியூரான் சேர்த்தால் விலகும்.

கணக்கில், பீக் காட்டுவது ஹைட்ரசோனின் எடை. ஸ்டேண்டர்டு பாட்டிலின் லேபிளில் மி.லி.க்கு இத்தனை என்று போட்டிருப்பது ஹைட்ரசோனாகவா, ஆல்டிஹைடாகவா என்று படித்துவிட்டு எழுதுங்கள். ஃபார்மால்டிஹைடுக்கு 30.03ஐ 210.15ஆல் வகுத்த 0.143. இதை விட்டால் ஏழு மடங்கு பிழை.

---

கெடிலக்கரை

மிஞ்சிய டிஎன்பிஹெச் பீக்கை நாங்கள் இதுவரை இன்டெக்ரேட்கூடச் செய்யவில்லை, பழைய குரோமட்டோகிராம்களை எடுத்துப் பார்க்கிறோம். ஒரு சின்ன விவரம் மட்டும்: நீர்த்துப் போடும்போது பஃபரையும் அதே அளவு சேர்க்க வேண்டுமா?

---

ஊசுட்டேரி

ஆமாம். நீர்த்த பிறகு 100 மி.லி.க்கு அதே அளவு பஃபர், அதே 6 மி.லி. ரீஏஜென்ட். பிளாங்குக்கும் அதே தண்ணீர், அதே பஃபர். நீர்த்துவிட்டால் பிளாங்க் பீக்கையும் அதே மடங்கால் பெருக்குகிறீர்கள் என்பதால், 100 மடங்குக்கு மேல் போகும்போது பிளாங்கை மூன்று தடவை போட்டுப் பாருங்கள்.